பாறைமேல் நடந்த பள்ளிக்கூடம்

இன்று காலை நம் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள்ளேயே போன் அடித்தது. மேட்டில் புதிதாக நட்ட போன் கோபுரம் வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். பேசியது நம் மகள் எஸ்தர். கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை, வர முடியாது என்றாள். 

நோய்க்காலத்தில் பள்ளிக்கூடங்களை மூடிப் பாடமெல்லாம் போனில் வந்தபோது, மடுல்சீமைத் தோட்டத்தில் நம் லயத்துக்குச் சிக்னல் எட்டவில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், நீ எஸ்தரைக் கூட்டிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மலைப்பாறைக்கு ஏறுவாய். அவளுக்கும் போனுக்கும் குடை, உனக்கு மழை. நான் தொழிற்சாலை வேலையில் இருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்றால் சிரிப்பாய். "நான் கொழுந்து பறிக்கிறதும் ஜெபந்தாங்க, இவ படிக்கிறதும் ஜெபந்தான். கர்த்தர் ரெண்டையும் கேப்பாரு."

கோவிலில் பாஸ்டர் ஒருநாள் போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பிரசங்கம் செய்தார். ஆராதனை முடிந்ததும் நீ அவரிடம் போனாய். "ஐயா, எங்க புள்ளைங்களோட பள்ளிக்கூடமே இப்ப அதுக்குள்ளதான் இருக்கு. அதையும் வேணாம்னா நாங்க எங்கங்க போறது?" அவர் எஸ்தரின் தலையில் கைவைத்து ஜெபித்தார்.

பிறகு உனக்கு இருமல் வந்தது. தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை தந்தார்கள். பாதை மோசம், லொறி கிடைத்து உன்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தபோது நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. நீ திரும்பவில்லை.

எஸ்தர் அதன்பின் பாறைக்கு ஏறவில்லை. பள்ளிக்கூடம் திறந்தும் போக மறுத்தாள். கெஞ்சிப் பார்த்தேன். "அம்மா பண்ண ஜெபத்துக்கு இதுதான் பதில்னா, எனக்கு அந்தப் படிப்பு வேணாம்ப்பா" என்றாள். இப்போது எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு விடுதியில் அறை துடைக்கிறாள். அங்கே தங்கும் வெள்ளைக்காரர்கள் தேயிலை மலையைப் பார்த்தபடி கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வேலை அதிகம். கோவிலைப் பற்றி நான் கேட்பதில்லை.

போன ஞாயிறு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்படி பாஸ்டர் என்னை அழைத்தார். எழுந்து நின்றேன். "கர்த்தாவே" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆமென் சொல்லச் சபை காத்திருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். வேறொருவர் எழுந்து ஜெபித்தார்.

நான் தொடங்கிய அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் வாயிலேயே கிடக்கிறது. விழுங்கவும் முடியவில்லை, அதற்கு அடுத்த வார்த்தையும் தெரியவில்லை.