ட்வீட்டரில் இல்லாத கோளாறு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் நலம் என்று வழக்கம்போல் எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. இந்த வருஷமும் வர முடியாது என்று நீ போனில் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு அப்பா "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளிவிட்டதை நினைத்து அழுததாக எழுதியிருக்கிறாய். நீ அங்கே வேலைக்குப் போன கோபம் அப்பாவுக்கு இன்னும் தீரவில்லையா என்றும் கேட்டிருக்கிறாய். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முழுவதும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போட்டோ ஸ்டுடியோக்காரர் தன் அப்பா காலத்து ஸ்பீக்கர் ஜோடியைச் சரிபார்க்க உன் அப்பாவிடம் கொடுத்தார். இடுப்பளவு மரப்பெட்டிகள், நடையில் கிடந்து தினமும் என் முழங்காலைப் பதம் பார்த்தன. பெரிய கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு தொட்டாலே உதிர்ந்தது, அதைச் சுரண்டிவிட்டு அப்பா புது விளிம்பு ஒட்டினார். மேலே கீச்சுச் சத்தம் தரும் சின்ன ட்வீட்டரை யாரோ விரலால் அமுக்கிக் குழியாக்கியிருந்தார்கள், டேப்பை ஒட்டி மெல்ல இழுத்து அதையும் நிமிர்த்திவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். பாட்டுப் போட்டால் அந்தக் கீச்சுச் சத்தமே வரவில்லை என்றார். மீட்டர் வைத்தால் சரியாகத்தான் காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று புது மீட்டர் வாங்கினார், அதுவும் அதையே காட்டியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உனக்காவது கேட்கிறதா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் "எனக்கும் கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டேன். அதுவே வினையாகப் போனது. என்னை நம்பி ட்வீட்டரை மறுபடி பிரித்தார். உள்ளே சுற்றியிருக்கும் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு, பிரிக்கும்போது அறுந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியில் பார்த்துப் பற்றவைத்தார். அப்போதும் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபயரில் கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்தார். ஸ்டுடியோக்காரர் பேத்தியோடு வந்தார். பாட்டு ஆரம்பித்ததுமே அந்தக் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. "கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு சார்" என்று அவரும் மரியாதையாகச் சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவருக்குப் புரிந்துவிட்டது.

காது டாக்டரிடம் போனோம். கீச்சென்ற சத்தங்களைப் பிடிக்கும் சக்தி சில வருஷமாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறதாம், போனது திரும்பாதாம், காதில் மெஷின் வைத்தால் ஓரளவு உதவுமாம். பெண்கள் பேச்சு, குழந்தைகள் பேச்சுதான் முதலில் கலங்குமாம், போனில் இன்னும் மோசமாம். என் வாயைப் பார்த்தே இத்தனை நாள் சமாளித்திருக்கிறார் மனுஷன், கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. மறைக்கக் கூடாது என்று அவருக்கும் படிக்கக் கொடுத்தேன். உன் குரல் வருவது தெரியுமாம், வார்த்தை பிடிபடாதாம், திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தை பயந்துவிடுவாள் என்று சந்தோஷம் சந்தோஷம் என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிடுவாராம். "அதுக்கா சந்தோஷம்னு சொன்னேன்" என்று கேட்டு விம்மி விம்மி அழுதார். எனக்குத் தாங்கவில்லையடி.

மெஷினுக்கு அளவு கொடுத்திருக்கிறோம். நீ அதற்காக லீவு கேட்டு அல்லாடாதே, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கண்ணைக் கசக்காதே. போனில் பேசினால் நிதானமாகப் பேசு, கத்தாதே, கத்தினால் திட்டுவது போல இருக்கிறதாம். எங்கள் ஆசி எப்போதும் உங்கள் இருவருக்கும் உண்டு, நூறாண்டு நன்றாக இருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இத்தனை வருஷமாகப் போனில் அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று அப்பா தினமும் என்னிடம் கேட்கிறார். என்னிடம் நீ சொன்னதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். அவரிடம் மட்டும் சொன்னதை நான் எங்கே போய்க் கேட்பேன்? நினைவில் இருப்பதையெல்லாம் அவர் பெயருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா