ஆடாமல் தொங்கிய பில்டர்

அக்கா,

அன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள். மூணு நிமிஷம் ஆச்சு.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் உட்காருகிற நமக்கு அவை மூச்சுப் போல வருபவை. வெளியூருக்குப் பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிடம் முடிந்ததும் நடுவில் புகுந்து சொல்லியாக வேண்டும். மேலே பேசுகிறார்களா, வைத்துவிடுகிறார்களா என்று கேட்டாக வேண்டும். கல்யாணம் பேசுகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அழுதுகொண்டிருப்பவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அன்று அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில், காதில் ஹெட்செட்டோடு, நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

இன்று காலை அடுப்படிச் சுவரில் தொங்கும் உங்கள் காப்பி பில்டரில் வெந்நீர் ஊற்றினேன். எங்கள் வீட்டுத் தரை ஆடுவதில்லை. பில்டரைத் தொங்கவிட ஒரு காரணமும் இல்லை. அதை மேடையில் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று அம்மா வாரம் ஒருமுறையாவது கேட்கிறாள். முதல் சொட்டு அடிப்பாத்திரத்தில் விழும்போது வெறும் தகரத்தில் தட்டுவது போலக் கேட்கும். பத்துப் பன்னிரண்டு சொட்டுக்குப் பிறகு அந்த ஓசை அடங்கி, மணம் மட்டும் இருக்கும். அந்த மணத்தோடு உப்புக்காற்றும் டீசல் வாடையும் சேர்ந்து வருவதாக எனக்குத் தோன்றும். சங்கரன்கோவிலில் ஏது உப்புக்காற்று? ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன்.

நம் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. எதிர் டீக்கடையில் பால் வாங்கி வருவது என் வேலை. டிகாஷனை நீங்கள் ஒரு மருந்து பாட்டிலில் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டு வருவீர்கள். மறைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு வயிற்றுவலி தொடங்கிய நாளிலிருந்து உங்கள் கணவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், காப்பியின் ஜென்மவிரோதியாகிவிட்டார். நடுநிலைப் பள்ளி வாத்தியார் அல்லவா, தூள் டப்பாவைப் பரீட்சைப் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். நீங்கள் அதைக் கண்டுபிடித்து, நாலு கரண்டி எடுத்துக்கொண்டு, டப்பாவை அதே இடத்தில் அதே கோணத்தில் வைத்துவிடுவீர்கள். ஒருநாள் அவர் எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கே வந்து என்னிடம் முறையிட்டார். "வயித்துல புண்ணை வச்சுக்கிட்டு இவ காப்பி குடிக்கா. நீயாவது சொல்லக் கூடாதாம்மா?" பால் செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு, சொல்லுதேன் அண்ணாச்சி என்றேன். உள்ளே நீங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு கமிஷன்மண்டிக்காரருக்குத் தப்பான நம்பரைக் கொடுத்துவிட்டீர்கள்.

பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் சோதனைகள் நடந்தன. முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்தாம் நாள், அண்ணாச்சியின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஜவுளிக்கடையிலிருந்து மதுரைக்கு ஓர் அழைப்பு. லைன் கிடைத்ததும், பேசுகிறார்களா என்று காது கொடுத்தேன். அண்ணாச்சியின் குரல். அப்போதே விலகியிருக்க வேண்டும். "போர்டுல கேட்டது போர்டுலயே கிடக்கட்டும்" என்று சொல்வது உங்கள் வழக்கம். அதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம். நான் விலகவில்லை. புண் இல்லை என்றார் டாக்டர். அறுத்துப் பார்த்தாலும் பயனில்லை என்றார். ஆறு மாதம், கூடினால் இன்னும் கொஞ்சம்.  அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மூன்று நிமிடம் முடிந்தது. நான் வாயைத் திறந்தால் என் குரல் அவருக்குத் தெரிந்துவிடும். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம் ஓடியது.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். யார் லைனில், இவ்வளவு நேரம் என்றீர்கள். ஜவுளிக்கடை, சரக்கு விஷயம் என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உங்கள் போர்டுக்குத் திரும்பினீர்கள்.

புண்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று அண்ணாச்சி உங்களிடம் சொன்னார். அடுத்த வாரமே கப்பல் பேச்சை எடுத்தார். நாலு வருடத்துக்கு ஒருமுறை நம் இலாகா தரும் பயணச் சலுகையை நீங்கள் எடுத்ததே இல்லை. நம் ஊர் ஆவுடைப்பொய்கைத் தெப்பக்குளத்தைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை என்று நீங்கள் எப்போதோ சொன்னதை அவர் நினைவு வைத்திருந்தார். அந்தமானுக்குப் போவோம் என்றார். துணைக்கு நீயும் வா என்று என்னையும் கூப்பிட்டார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

சென்னை ரயிலில் அவர் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றிய உங்கள் பில்டரையும் அன்று காலைதான் அரைத்த காப்பித்தூள் பொட்டலத்தையும் எடுத்து உங்கள் மடியில் வைத்தார். "கப்பல்ல நல்ல காப்பி கிடைக்காதாம். அதான்." நீங்கள் பொட்டலத்தை முகர்ந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். விருதுநகர் தாண்டும் வரை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

கப்பலில் நமக்கு நாலு படுக்கை உள்ள சிறிய அறை. நாலாவது படுக்கையில் நம் மூட்டைகள். கரை மறைவதற்குள்ளேயே அண்ணாச்சிக்குத் தலை சுற்ற ஆரம்பித்து, படுத்தவர் எழவில்லை. நான் கொண்டுபோயிருந்த தடித்த கடற்பயண நாவலில் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. "புஸ்தகத்துல கடல் எப்படி இருக்கு? வெளிய இருக்கதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கு. ஒருதரம் வந்து பாத்துட்டுப் போ" என்று கூப்பிட்டீர்கள். மேல்தளத்தில் நின்றபோது காதை நிறைத்த அந்த இரைச்சல் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. யாரும் பேசாத டிரங்க் லைனில் கேட்குமே, அதே இரைச்சல். அதைச் சொன்னேன். "எந்த ஊரு லைனு?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

முதல் காலை, கேன்டீனில் பெரிய அலுமினிய டிரம்மிலிருந்து குழாய் வழியாகக் காப்பி பிடித்துக் கொடுத்தார்கள். முந்தின நாள் அதே டிரம்மில் டீ இருந்திருக்க வேண்டும். ஒரு வாய் குடித்தீர்கள். "ஏட்டி, இது காப்பியும் இல்ல, டீயும் இல்ல. கிராஸ் டாக்." இரண்டு லைன்கள் கலந்து, யார் பேச்சு என்று தெரியாமல் கேட்பதற்கு நாம் சொல்லும் பெயர். மிச்சத்தைக் கடலில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தீர்கள், கடல் முகம் சுளிக்கிறதா என்று.

இரண்டாம் காலை பில்டரை எடுத்தோம். கேன்டீனில் வெந்நீர் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்கள். ஆனால் கப்பல் சாயும்போது பில்டரும் சாய்ந்தது. தூள் ஒரு பக்கமாக ஒதுங்க, நீர் மறுபக்கம் வழியாக நழுவி இறங்கியது. ஐந்து நிமிடத்தில் கீழ்ப்பாத்திரம் நிறைந்துவிட்டது. வைக்கோல் நிறத்தில் ஏதோ ஒன்று. நீங்கள் திட்டவில்லை. பில்டரை மடியில் வைத்தபடி சுவரையே பார்த்தீர்கள். அங்கே கொக்கியில் அண்ணாச்சியின் சட்டை தொங்கியது. கப்பல் சாயும்போது அது சுவரை விட்டு மெல்ல விலகி வரும். பிறகு போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்.

"சட்டை ஆடலட்டி. சுவருதான் ஆடுது."

அன்று மத்தியானம் புதுப் பாவாடையிலிருந்து நாடாவை உருவி, நாலாக வெட்டி, முடிச்சுப் போட்டு ஓர் உறி பின்னினீர்கள். தயிர்ப்பானை தொங்குமே, அந்த மாதிரி, உள்ளங்கை அகலத்தில். மீதிப் பயணம் முழுவதும் அந்தப் பாவாடைக்கு ஊக்குதான்.

மூன்றாம் காலையை நான் எத்தனையோ முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். இப்போது அது நடந்ததா, நான் கண்ட கனவா என்று பிரிக்க முடிவதில்லை. வட்ட ஜன்னலில் விடிவதற்கு முந்தைய சாம்பல் வெளிச்சம். மேல்குழாயிலிருந்து உறி தொங்குகிறது. உறிக்குள் பில்டர். ஜன்னல் மெதுவாக மேலேறுகிறது, இறங்குகிறது. படுக்கைகள் சாய்கின்றன. என் நாவல் தரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. பில்டர் மட்டும் நேராக நிற்கிறது. அதைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது. நாம் இருவரும் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். சொட்டுகளின் ஓசை அடங்கியதும், "இறங்குது" என்றீர்கள், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போல.

பால் என்ன செய்வது என்று நான் யோசித்தபோது அண்ணாச்சி எழுந்தார். இரண்டு நாளாகத் தலை தூக்காத மனிதர், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து ஒரு செம்பில் கொதிக்கும் பாலோடு வந்தார். கேன்டீனில் தூத்துக்குடிக்காரர் ஒருவரைப் பிடித்து, நம்ம ஜில்லா என்று பேசி, கைக்குழந்தைகளுக்கென்று வைத்திருந்த நல்ல பாலில் கொஞ்சம் வாங்கியிருக்கிறார். வழியில் சிந்தியது போகப் பாதி இருந்தது. அவரே ஆற்றி, நுரையோடு உங்கள் கையில் கொடுத்தார். "குடி. சூடா குடி" என்றார். கொடுத்த கையோடு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பி வந்து சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துவிட்டார்.

டம்ளர்களோடு மேல்தளத்துக்குப் போனோம். சூரியன் இன்னும் வரவில்லை. முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினீர்கள். நல்ல காப்பி அக்கா, அது. கசப்பும் சூடும் சரியாக, நம் எக்ஸ்சேஞ்ச் காப்பியைவிட ஒரு பங்கு மேலாக இருந்தது.

கண்ணைத் திறக்காமலே பேசினீர்கள். "நாலு வருசமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். மூணு நிமிஷம்னு நீ சொல்லாத கால் அந்த ஜவுளிக்கடை கால் ஒண்ணுதான்."

 ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். அன்னைக்கு எனக்குச் சந்தேகம்தான். ரயில்ல அவரு காப்பித்தூளை எடுத்து மடியில வச்சாரு பாரு, அப்பதான் பயந்துட்டேன். புண்ணுன்னா அந்த மனுசன் காப்பி வாங்கித் தருவாரா?"

எவ்வளவு நாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து, "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாண்டாம். எனக்காக ஒண்ணைச் சுமந்துக்கிட்டுத் திரியுதாரு. அதை நாம கெடுக்கக் கூடாது. என்ன?" என்றீர்கள். சரி என்றேன். டம்ளரில் இன்னும் கால்வாசி இருந்தது. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"சரி, அன்னைக்குச் சொல்லாததை இப்பச் சொல்லு."

"எதை அக்கா?"

"போர்டுல சொல்லுவியே, அதை."

தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலையில் பேசும் குரலில் சொன்னேன். "மூணு நிமிஷம் ஆச்சு."

நீங்களும் லைனில் இருக்கும் ஆளைப் போலவே குரலை மாற்றிக்கொண்டீர்கள். "இன்னொரு மூணு நிமிஷம் நீட்டிக் குடுங்க, மேடம்." சொல்லிவிட்டு மிச்சக் காப்பியை ஒவ்வொரு மிடறாகக் குடித்தீர்கள். நான் கடிகாரம் பார்க்கவில்லை.

அந்தமான் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. மழை பெய்தது. அண்ணாச்சி ஒரு சிப்பி விளக்கு வாங்கினார். திரும்பும் கப்பலிலும் உறி தொங்கியது, தினமும் அவர்தான் பால் கொண்டுவந்தார்.

அந்தக் கேள்வியை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. காப்பியைப் பற்றி நீங்கள் ஊகித்தது சரிதான். ஆனால் அது எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் என்று டாக்டர் சொன்ன பிறகு, என்ன கேட்பது என்று தெரியாமல் அண்ணாச்சி கேட்டது இதுதான்: "அப்பம் அவளுக்குக் காப்பி குடுக்கலாமா, டாக்டர்?" தாராளமாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு மீதி நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. லைன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அதை நடுவில் புகுந்து அறுக்க எனக்கு வாய் வரவில்லை, அக்கா. நான் சொல்லாமல் விட்டதற்கு உண்மையான காரணம் அதுதான்.

இப்போது காலை ஷிப்டில் உங்கள் நாற்காலியில் நான் உட்காருகிறேன். மூணு நிமிஷம் ஆச்சு என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் தாமதிக்கிறேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால், விடியற்காலையில் நீங்கள் போனீர்கள். பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் அண்ணாச்சி துண்டில் சுற்றிய பில்டரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உறி முடிச்சு அவிழாமல் அதிலேயே இருந்தது. "கடைசி வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றார்.

ஆமா அண்ணாச்சி என்றேன்.