நடுவில் ஒரு தூண்

பினாங்கு
12 டிசம்பர் 2013

என் மச்சானுக்கு,

மெஜுவா-ஜுவா. சுகம்தானே? போனில் கேட்டால் "ம்" என்பீர்கள், அதனால் கடிதத்தில் கேட்கிறேன். முதலாளியம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் தருகிறாள். அந்தப் பத்து நிமிஷத்தையும் நீங்கள் ம் போட்டே ஓட்டிவிடுகிறீர்கள். மேடானுக்கு வரும் பெண் ஒருத்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடுங்கள். நாலு பக்கத்துக்குக் குறைந்தால் வாங்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே வேலை பரவாயில்லை. படுத்த படுக்கையான ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். டிவியில் நம் சினாபுங் எரிமலையைக் காட்டினால் "உன் ஊர், உன் ஊர்" என்று கத்துவார். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். மலை புகையைக் கக்கிக்கொண்டு நிற்கும். அடிவாரத்தில் நம் வீட்டுக் கூரை தெரிகிறதா என்று தேடுவதற்குள் வேறு செய்தி வந்துவிடும்.

அம்மா எப்படி இருக்கிறாள்? எனக்கு அதுதான் பெரிய கவலை. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் வாய் நான்தான். "உன் புருஷனைச் சாப்பிட வரச் சொல்லு", "உங்க அம்மாவைக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று நாலு வருஷமாக என் தொண்டைதான் வறண்டது. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக்கூடாது, ஒரே பாயில் உட்காரக்கூடாது, விரல் நுனிகூடப் படக்கூடாது என்று முறை வைத்தார்களே, நடுவில் இருப்பவள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனால் என்ன செய்வது என்று யோசித்தார்களா? மலைக்குப் பயந்து ஊரைக் காலி செய்த பிறகு, முகாமில் ஒரே கூடத்தில்தான் படுக்கிறீர்களாமே. அங்கே யார் பேச்சைக் கடத்துகிறார்கள்?

இன்னொன்று. குண்டச்சி சினையாக இருக்கிறாள். அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். ஆரஞ்சுத் தோட்டம் மொத்தமும் சாம்பலில் போனது. நமக்கென்று மிச்சம் இருப்பது அந்தப் பன்றி ஒன்றுதான். அவள் குட்டி போட்டால் ஜூனில் ஒப்பந்தம் முடிந்ததும் அதை நீட்டாமல் நான் திரும்பிவிடலாம். தினமும் யாராவது மேலே போய் அவளுக்குத் தீனி வையுங்கள். மறந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

பன்றிக்குப் போட்ட பிறகு நீங்களும் மறக்காமல் சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,
உங்கள் ரெஹுலினா


முகாம், கபன்ஜாஹே
5 ஜனவரி 2014

அன்பு ரெஹுலினா,

மெஜுவா-ஜுவா. நாலு பக்கம் எழுத நான் என்ன பாதிரியாரா? முடிந்தவரை எழுதுகிறேன். பெரிய எழுத்தாகப் போட்டு நிரப்பினால் கண்டுகொள்ளாதே.

பேச்சைக் கடத்துவது யார் என்று கேட்டாய். தூண்தான். தேவாலயக் கூடத்தின் நடுவில் ஒரு மரத்தூண் இருக்கிறது. அந்தப் பக்கம் மாமியின் பாய், இந்தப் பக்கம் என் பாய். நேற்றுக் காலை மாமி வெற்றிலையை மென்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"தூணே, மாப்பிள்ளைகிட்ட சொல்லு, குறட்டைய கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லி. மலைதான் உறுமுதோன்னு பாதிக் கூடம் எந்திரிச்சு உக்காந்துடுச்சு."

"தூணே, மாமிகிட்ட சொல்லு, நான் கண்ணே மூடல. அது மலைதான்."

"அப்படின்னா மலையையும் குப்புறப் படுக்கச் சொல்லு தூணே!"

கூடமே சிரித்தது. சாம்பல் தின்று, மூக்கடைத்து, ஒரு மாதமாகச் சிரிக்காத ஜனங்கள். நானும் சிரித்தேன். மாமி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், ஆனால் அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

உனக்கு இந்த முறை பழக்கம். எனக்கு இன்னும் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள் உன் அம்மா. மழைக்காலத்தில் ஓடை தாண்டிப் பள்ளிக்கூடம் போக என்னை முதுகில் தூக்கிப் போவாள். "கழுத்தை விடுடா, மூச்சு முட்டுது" என்று திட்டிக்கொண்டேதான் போவாள், ஆனால் ஒரு நாள்கூட இறக்கி விட்டதில்லை. நம் கல்யாணத்துக்கு முந்தின நாள் தன் கையால் ஒரு வாய் ஊட்டிவிட்டு, "இனிமே உன்கூடப் பேச மாட்டேன்டா" என்றாள். சொன்னபடியே ஒரு சொல் பேசவில்லை. மாமா மகளைக் கட்டினால் மாமியை இழக்க வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குண்டச்சி நன்றாக இருக்கிறாள். சாலையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். மலை அமைதியாக இருக்கும் காலைகளில் நான் காப்பித் தோட்டத்து வழியாக மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போய், தீனி வைத்துவிட்டு, மதியத்துக்குள் இறங்கிவிடுகிறேன். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். மாமியும் வருவேன் என்று தூணிடம் தினமும் சண்டை போடுகிறாள். நான் விடவில்லை.

பக்கம் நிரம்பிவிட்டது. திட்டாதே.
உன் தெர்கெலின்


பினாங்கு
9 பிப்ரவரி 2014

மச்சான்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பெரியவர்தான் கத்தினார், "உன் ஊர், உன் ஊர்" என்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். மலையிலிருந்து சாம்பல் மேகம் உருண்டு இறங்கியது. வழக்கம்போல நம் கூரையைத் தேடினேன். அதற்குக் கீழே அம்மா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

கடவுச்சீட்டு முதலாளியம்மா பீரோவில் இருக்கிறது. ஒப்பந்தம் முடியாமல் தர முடியாதாம். காலைப் பிடித்துக்கூடக் கேட்டேன். அம்மாவை மண்ணில் வைக்க மகள் வரவில்லை என்று ஊர் பேசியிருக்கும். பேசட்டும்.

போனில் நீங்கள் அழுதீர்கள். முதல் தடவையாக ம் போடவில்லை. நீங்கள் வாய் திறக்க இப்படி ஒரு நாள் வர வேண்டியிருந்ததே என்று இருக்கிறது.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் விடாமல் தடுத்தவள் அன்றைக்கு எப்படி மேலே போனாள்? கடைசியாக என்ன சொன்னாள்? தூணிடமாவது ஏதாவது சொல்லியிருப்பாள். அதை அப்படியே எழுதுங்கள். அவள் குரலில் படித்துக்கொள்கிறேன்.

ரெஹுலினா


முகாம், கபன்ஜாஹே
27 பிப்ரவரி 2014

அன்பு ரெஹுலினா,

அந்தச் சனிக்கிழமை நான் எழுந்தபோது மாமியின் பாய் காலி. விடியற்காலையிலேயே நடந்து போய்விட்டாள். என்னிடமோ தூணிடமோ எதுவும் சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஊர்க் கல்லறையில் மாமாவுக்குப் பக்கத்திலேயே இடம் கேட்டோம். அங்கே போக விடவில்லை. கபன்ஜாஹேயில்தான் புதைத்தோம். உன் சார்பில் பெலினா சித்தி மண் போட்டாள்.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. மாமியின் பாயை யாரும் சுருட்டவில்லை. தினமும் காலையில் அதன்மேல் சாம்பல் படிந்திருக்கிறது, நடுவில் மட்டும் படியவில்லை. ஜன்னல் காற்று அப்படி வருகிறது என்கிறார்கள். இருக்கும். வண்டியையும் இப்போது எடுப்பதில்லை. பின்சக்கரம் அமுங்கிக்கொண்டே இருக்கிறது. பஞ்சர் பார்க்கிறவன் இரண்டு தடவை கழற்றித் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். ஓட்டையே இல்லை என்கிறான். "பின்னாடி யாரை அண்ணே ஏத்திக்கிட்டுத் திரியுறீங்க?" என்று சிரித்தான். நான் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

நீ சீக்கிரம் வா. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.
தெர்கெலின்


பினாங்கு
20 மார்ச் 2014

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை பெலினா சித்தி போன் செய்தாள். குறி சொல்லும் ஒரு அம்மாள் மேல் அம்மாவின் ஆவியை இறக்கிக் கேட்டார்களாம். தேவாலயத்துக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று சித்தி தன் வீட்டில் வைத்தே செய்தாளாம். மருமகன் அறையில் இருந்தால் மாலெம் அக்கா வாய் திறக்க மாட்டாள் என்று உங்களை வெளியே அனுப்பினார்களாம். நீங்கள் வீட்டுக்கு அடியில், அதைத் தாங்கி நிற்கும் கால்தூண்களுக்கு நடுவில் நின்றீர்களாம். இத்தனையும் நடந்திருக்கிறது, நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

அம்மா என் பெயரைச் சொல்லவில்லையாம். யாரையும் திட்டவுமில்லையாம். அந்த அம்மாள் வாய் வழியாக ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாளாம்: "ஆள் அனுப்பச் சொன்னேனே, இன்னும் வரலியே? கால் சுடுதே, இன்னும் வரலியே?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்றாள் சித்தி. சாம்பிராணியை அணைத்துவிட்டுக் கீழே வந்து பார்த்தபோது நீங்கள் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தீர்களாம்.

அம்மா யாரிடம் ஆள் அனுப்பச் சொன்னாள்?

ஜூன் மாதம் என் கடவுச்சீட்டு கைக்கு வருகிறது. டிக்கெட் வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். வாங்குவதற்கு முன்னால் நீங்கள் எனக்கு உண்மையை எழுத வேண்டும். ம் போட்டுத் தப்பிக்க முடியாது, மச்சான். இது கடிதம்.

ரெஹுலினா


முகாம், கபன்ஜாஹே
6 ஏப்ரல் 2014

ரெஹுலினா,

என்னிடம்தான் சொன்னாள்.

நான் எழுந்தபோது பாய் காலி என்றது உண்மை. அதற்குப் பிறகு எழுதியது பொய். வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பன்றிக்கொட்டிலில் இருந்தாள். குண்டச்சி குட்டி போட்டிருந்தாள், ஏழு. மாமி மடியில் இரண்டை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

அப்போது மலைப்பக்கம் சத்தம் அடங்கியது. ஒரு பறவை இல்லை, ஒரு பூச்சி இல்லை. தூண் அங்கே ஏது? வேலியைப் பார்த்துச் சொன்னேன்:

"வேலியே, மாமிகிட்ட சொல்லு, உடனே வண்டியில ஏறச் சொல்லி. நேரமில்ல."

மாமி சிரித்தாள். "வேலியே, மாப்பிள்ளைக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சான்னு கேளு. அவர் முதுகுல ஒட்டிக்கிட்டு ஊர் பாக்க நான் போறதா? நாளைக்கு என் மக எப்படித் தலை நிமிந்து நடப்பா?"

"வேலியே, அவசரம்னு சொல்லு."

"அவசரம்னா அவரு போகட்டும். கீழ போயி யாராவது ஒரு பொம்பளைய வண்டியோட அனுப்பச் சொல்லு. அதுக்குள்ள இதுங்களக் கூடையில போட்டு வைக்கிறேன்."

நான் சரி என்றேன். அதையும் வேலியிடம்தான் சொன்னேன். கிளம்பினேன்.

தடுப்புப் பக்கம் பக்கத்து வீட்டு நூர்மாலா ஸ்கூட்டரோடு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் தலைக்கவசத்தை எடுத்து மாட்டினாள். அதன் வாரை அவள் பூட்டுவதற்குள் மலை இறங்கிவிட்டது. நான் கொட்டிலை விட்டு வந்து ஆறு நிமிடம் இருக்கும். மாமி வண்டியில் ஏறியிருந்தால் என்னோடு தடுப்புப் பக்கம் நின்றிருப்பாள். இரண்டு கையாலும் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டிருக்கலாம். அடித்திருப்பாள், திட்டியிருப்பாள், ஊர் ஒரு வாரம் சிரித்திருக்கும். உயிரோடு இருந்திருப்பாள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். நீ உண்மை கேட்டாய். அவள் வரமாட்டேன் என்றபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது, ரெஹுலினா. அவள் கை என் தோளில் படும் என்று நினைத்தபோதே உடம்பு கூசியது. என்னை முதுகில் சுமந்தவள் என் முதுகில் சாய்வதற்குக் கூசினேன். சாவு தலைக்கு மேல் நிற்கும்போது எனக்குக் கூச்சம் வந்தது. இதை நான் எந்தத் தூணிடமும் சொல்லவில்லை.

சித்தி வீட்டுக்கு அடியில் நின்றபோது பலகை வழியாக அவள் கேட்டது எனக்கு மட்டும்தான் புரிந்தது. இன்னும் ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொட்டில் இருந்த இடத்தில் நிற்கிறாள், கூடையோடு.

நீ வா. என்னை அடி, திட்டு, என்ன வேண்டுமானாலும் செய். வராமல் மட்டும் இருந்துவிடாதே. எனக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

உன் தெர்கெலின்


பினாங்கு
18 மே 2014

கபன்ஜாஹே முகாமில், கூடத்தின் நடுவில் நிற்கும் தூணுக்கு,

உன்னை நான் பார்த்ததில்லை. அவர் எழுதித்தான் தெரியும். என் அம்மா உன்னோடு சிரித்துப் பேசினாள் என்று படித்தபோது உன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

தூணே, அவரிடம் சொல். கடிதம் கிடைத்தது. படித்துப் படித்து மடிப்பில் கிழிந்துவிட்டது. கோபம் இல்லை என்று சொல். தினமும் யாராவது மேலே போய்ப் பன்றிக்குத் தீனி வையுங்கள் என்று எழுதியவள் நான். அந்த யாராவது என் அம்மாவாக இருப்பாள் என்று நினைக்கவில்லை. என் மானத்துக்காகத்தான் அவள் ஏறவில்லை என்பதும் புரிந்தது. அவர் மட்டும் சுமக்க வேண்டாம், பாதி எனக்கு.

அவர் வண்டியில் எத்தனை தடவை இடுப்பைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன் தெரியுமா? கபன்ஜாஹே சந்தைக்கு, கல்யாணங்களுக்கு, விமான நிலையத்துக்கு. திரும்பி வந்து அந்த இடத்தில் உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். பத்து நாள் முயற்சி செய்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கே அம்மா இருக்கிறாள். ஆகவில்லை, தூணே. டிக்கெட் வாங்கவில்லை. முதலாளியம்மா இன்னும் இரண்டு வருஷம் என்றாள், கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவரை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். குப்புறப் படுத்துத் தூங்கச் சொல். வண்டியை விற்றுவிடச் சொல். அம்மாவின் பாயைச் சுருட்டிச் சித்தியிடம் கொடுக்கச் சொல். போகும்போது அவரே தன் கையால் எடுத்துப் போகட்டும். இனி தொட்டால் குற்றமில்லை.

அவர் பதில் ஏதாவது சொன்னால் நீ கேட்டுக்கொள். எனக்கு அனுப்ப வேண்டாம்.

மாலெமின் மகள்
ரெஹுலினா