தொட்டாற்சிணுங்கித் தொட்டிகள்

பாப்பாவின் அம்மாவுக்கு, நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

செடிப் பண்ணையில் போன வாரம் ஒரு கூத்து. தொட்டாற்சிணுங்கித் தொட்டிகளை வண்டியில் ஏற்றினேன். குலுங்கியதில் இலையெல்லாம் சுருங்கிவிட்டது. புதிதாக வந்த மேஸ்திரி, "தண்ணி ஊத்தாம காயப் போட்டுட்டியேடா!" என்று ரப்பர் குழாயால் வெளுத்து வாங்கிவிட்டார். கீழே விழுந்தும் விடவில்லை. கை ஓய்ந்து அவர் மூச்சு வாங்கும்போது இலைகள் மெல்ல விரிந்தன. "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று அதற்கும் இரண்டு வைத்தார்.

போனில் கேமரா கெட்டுவிட்டது; கொஞ்ச நாளைக்குக் குரல் மட்டும்தான். இதைக் கொண்டுவரும் அண்ணனிடம் முழுக்கைச் சட்டை இரண்டு கொடுத்தனுப்பு.

அண்ணன் கிளம்பத் தயாராகிவிட்டார். ஒன்றே ஒன்று: நான் ஊருக்கு வந்ததும் பாப்பா பின்னாலிருந்து ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டாம். முதலில் "அப்பா" என்று கூப்பிடச் சொல்.