பஸ்ஸுக்குள் தணல் சட்டி

28.11.1990, புதன்

மழை விடவில்லை. குணத்தையும் குழந்தையையும் இன்று பஸ்ஸுக்குள் ஏற்றினேன்.

என் மினிபஸ் ஓடி ஐந்தரை மாதமாகிறது. டீசல் நின்ற நாள் முதல் கொக்குவிலில் என் வளவுக்குள் நான்கு கல்லின் மேல் சும்மா நிற்கிறது. இருபத்தாறு சீற் பஸ்ஸில் நாற்பது பேரை அடைத்து ஓடினவன் நான். இனிமேல் அதில் மூன்றே பேர்: என் தங்கச்சி குணலட்சுமி, பிறந்து நாலு நாளான அவளுடைய பெண் குழந்தை, அவளுடைய மச்சாள் நல்லம்மாக்கா.

கட்டுவனில் இருந்து ஆனியில் சண்டைக்குத் தப்பி ஓடிவந்தபோது குணத்துக்கு நாலு மாத வயிறு. வந்ததும் என் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் இப்போது வீட்டில் இன்னும் மூன்று குடும்பம். அதில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாள் வருத்தம்; வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. பிள்ளை பெற்ற துடக்கோடு அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் பிறகு என்ன செய்வது? ஆகவே கடைசி வரிசையைத் தவிர எல்லா சீற்றையும் கழற்றினேன். குணத்தின் புருஷன் தம்பிராசா விறாந்தையில் படுக்கிறான்.

நான் கலியாணம் கட்டியது பஸ்ஸைத்தான் என்று குணம் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள். இன்றைக்கு ஏறும்போது, "அண்ணை, அண்ணிக்கு ஒண்டும் நோகாமல் இருப்பன்" என்றாள். சிரித்துவிட்டேன்.

30.11.1990

நல்லம்மாக்கா தம்பிராசாவின் தமக்கை. ஐம்பது வயது, விதவை. கட்டளை போடுவதில் பழைய தலைமை வாத்தியாரெல்லாம் தோற்றுப்போவார்கள். முப்பத்தொரு நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் காற்றுப் படக்கூடாது, குளிர் பட்டால் சன்னி வரும் என்று நேற்று முழுக்க ஒரே பாட்டு.

சரி, காற்றுத்தானே? முத்துக்குமாரு யார் என்று காட்டுவோம் என்று இறங்கினேன். பழைய ரியூப்பை நாடாவாக வெட்டி யன்னல் தவாளிப்புகளில் திணித்தேன். தரையில் இருந்த ஓட்டைகளுக்குச் சவர்க்காரத்தில் பிசைந்த துணி. யன்னல்களுக்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் கறுப்புச் சீலை. மேலே சுற்றுகிற ஹெலிக்காரனுக்கு விளக்கு வெளிச்சமும் தெரியாது. ஒன்று மட்டும் சரிவரவில்லை. கூரையில் இருக்கிற மூடியின் றப்பர் உக்கிப்போய், இரண்டு விரல் அளவு திறந்தபடியே நிற்கிறது.

நல்லம்மாக்கா உள்ளே நின்று கையைக் காட்டிப் பார்த்துவிட்டு, "எறும்பும் வராது தம்பி" என்றார். அந்த மனிசி வாயில் இருந்து வந்த முதல் பாராட்டு.

2.12.1990

தணல் சட்டி வைத்தாயிற்று. மண்சட்டியில் சிரட்டைக்கரித் தணல். விறகு வைத்தால் குழந்தைக்குப் புகை என்று, கரியை வெளியில் வைத்து நன்றாகக் கனிய விட்டு, புகை முழுக்க அடங்கின பிறகுதான் நல்லம்மாக்கா உள்ளே கொண்டுபோகிறார். கையைத் தணலில் காட்டிக் காட்டிக் குழந்தைக்கு ஒத்தடம். பொழுதுபட வைத்தால் விடிய மட்டும் சூடு நிற்கிறது.

வெளியில் நடுங்கிக்கொண்டு நிற்கிற எனக்கே ஏறிப் படுக்க ஆசை வந்தது.

4.12.1990

குழந்தை அழுகிறதேயில்லை. வந்து பார்க்கிற சனமெல்லாம், பிள்ளையென்றால் இப்படியல்லவோ பிறக்க வேண்டும் என்கிறார்கள். பால் குடிக்கவும் தட்டித்தான் எழுப்புகிறாள் குணம்.

6.12.1990

குணத்துக்குத் தலையிடி. மூன்று நாளாக இருக்கிறதாம், இன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"கிணத்தடிக்குப் போனால் விட்டிடுது அண்ணை. உள்ளுக்கு வந்தால் திருப்பியும் பிடிக்குது."

காலையில் குடித்த தேத்தண்ணியையும் சத்தி எடுத்திருக்கிறாள். நல்லம்மாக்காவைக் கேட்டால், பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான், கிணற்றடிக் குளிர்தான் தலைக்கு ஏறுகிறது, இனி வெந்நீரும் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வார்க்க வேண்டும் என்கிறார். நான் உள்ளே இருந்து அரைமணித்தியாலம் கதைத்துவிட்டு இறங்கினேன். எனக்கும் நெற்றிப்பொட்டு இடித்தது. மழையில் நனைந்தது என்று நினைத்தேன்.

7.12.1990

தம்பிராசாவும் நல்லம்மாக்காவும் வாக்குவாதம். ஒரு யன்னலையாவது கொஞ்சம் திறந்து விடக்கா என்று அவன் கேட்டிருக்கிறான். தணலில் புகையே இல்லை, பிறகென்ன பயம் என்று தொடங்கிய மனிசி, சட்டென்று குரல் உடைந்து சொன்னார்:

"நான் யன்னலைத் திறந்து வைச்சுத்தான் ஒண்டைப் பறிகுடுத்தனான். இருபத்திரண்டாம் நாள். இன்னொண்டைக் குடுக்க மாட்டன்."

தம்பிராசா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அப்படி ஒரு பிள்ளை இருந்தது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு யார் யன்னலைத் தொடுவது?

9.12.1990, ஞாயிறு

கூரை மூடியால் தண்ணீர் வடிந்து தரைத் தகட்டில் கறள் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இப்படியே துருவேற விட்டால், நாளைக்கு டீசல் வருகிற நேரம் ஓட பஸ் இருக்காது. பின்னேரம் மழை விட்ட இடைவெளியில் கூரையில் ஏறி, மூடியை அமத்திக் கட்டி, சுற்றிவரத் தாரை உருக்கி ஊற்றி அடைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். இனி ஒரு சொட்டும் இறங்காது.

10.12.1990

எழுத முடியவில்லை. மூன்று பேரும் ஆஸ்பத்திரியில். மூச்சு இருக்கிறது.

11.12.1990

ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

நேற்று விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். சத்தமில்லை. இன்னொரு தரம் தட்டினேன். கூப்பிட்டேன். உள்கொளுக்கி போட்டிருந்தது. தம்பிராசா ஓடிவந்து கதவை உதைத்தான். அசையவில்லை. நான் பொருத்தின கதவு, எப்படி அசையும்?

அந்த நேரத்தில்தான் எழுபத்தெட்டாம் ஆண்டு ஒரு கராச்சில் கேள்விப்பட்ட கதை நினைவு வந்தது. மூடின கராச்சுக்குள் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வேலை செய்த ஆள் அப்படியே செத்துக் கிடந்தான் என்ற கதை. இருபது வருடம் பஸ் ஓட்டுகிறேன். இஞ்சின் வேறு, தணல் வேறு என்று நினைத்திருக்கிறேன். எரிகிறது எதுவென்றாலும் ஒன்றுதானே? மூளை எங்கே போயிருந்தது எனக்கு?

வீல் ஸ்பானரை எடுத்து யன்னல் கண்ணாடியை அடித்தேன். ஒன்று, இரண்டு — ஒரு பக்கம் முழுக்க. உடைந்த யன்னலால் உள்ளே ஏறினேன். குணம் கடைசி சீற்றில் கிடந்தாள். கன்னம் நல்ல சிவப்பு, சுகமாக நித்திரை கொள்கிற மாதிரி. அதுதான் பயங்கரம். நல்லம்மாக்கா தணல் சட்டிக்குப் பக்கத்தில் தரையில், வாயில் நுரை. குழந்தையின் சீலை ஏணை கதவுக்குக் கிட்டக் கட்டியிருந்தது. குழந்தையைத் தூக்கினேன். கழுத்து துவண்டது. ஐயோ என்ரை பிள்ளை. அந்த நேரம் என்ன கத்தினேன் என்று தெரியாது.

பக்கத்து வளவு நடராசாவின் லான்ட் மாஸ்டர் உழவு மெசின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. அதன் பெட்டியில் மூன்று பேரையும் ஏற்றினோம். மேலே கூரையில்லை. மழையும் காற்றும் முகத்தில் அடித்தது. பத்து நாள் எறும்புக்கும் இடம் விடாமல் காத்த உடம்புகள். தம்பிராசா கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் குழந்தையை மூடப் போனான். முகத்தை மூடாதே என்று அவன் கையைத் தட்டினேன். பாதி வழியில் குழந்தை இருமியது. பிறகு அழுதது. ஆஸ்பத்திரி வாசலில் குணம் கண்ணைத் திறந்து, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டாள்.

நல்லம்மாக்கா இன்னும் கண் திறக்கவில்லை.

13.12.1990

குணமும் குழந்தையும் தப்பிவிட்டார்கள் என்று டொக்டர் இன்று உறுதியாகச் சொன்னார். நல்லம்மாக்காவும் நேற்றுப் பின்னேரம் கண் திறந்தார், ஒக்சிசன் கொடுக்கிறார்கள்.

டொக்டர் சின்ன வயதுக்காரர், ஆனால் நிதானமாகச் சொன்னார். மூடின இடத்தில் தணல் இருந்தால் ஒரு நச்சுக் காற்று வருமாம். அதற்குப் புகையும் இல்லை, மணமும் இல்லை, அதனால்தான் ஆளை ஏமாற்றுகிறது. வெளியே போனால் விடுகிற தலையிடிதான் முதல் அடையாளம். சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள், நெருப்பு வெளியில் நிற்கட்டும் என்றார்.

பிறகு கேட்டார்: இத்தனை நாள் ஒன்றும் நடக்கவில்லை, ஞாயிறு இரவு மட்டும் என்ன புதிதாக மாறினது?

தம்பிராசா என்னைப் பார்த்தான். ஒன்றுமில்லையே என்றேன்.

இரண்டு விரல். அந்த இரண்டு விரல் இடைவெளிதான் ஏழு நாள் அவர்களை உயிரோடு வைத்திருந்தது. அதற்குத்தான் நான் தார் ஊற்றினேன்.

16.12.1990

குணத்தையும் குழந்தையையும் கூட்டிவந்தேன். அதே பஸ், வேறு எங்கே? ஒரு பக்கம் ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது; மற்றப் பக்கமும் இரண்டு கண்ணாடியை முழுக்கக் கழற்றி எறிந்தேன். கூரை மூடியைத் தாரோடு பிடுங்கிப் போட்டு, மேலே தகரத்தால் குடை மாதிரி ஒன்று கட்டினேன். மழை வராது, காற்று வரும். தார் எப்போது பூசினாய் என்று தம்பிராசா கேட்கவில்லை. அவனுக்கு நினைவெல்லாம் தணல் சட்டியில். அதைக் கிணற்றடியில் போட்டு உடைத்துவிட்டான்.

நல்லம்மாக்காவை நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். தம்பிராசா வாட்டில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டான்:

"இனி நீ என்ரை பிள்ளையைப் பாக்க வரக்கூடாது."

அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். தாரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

17.12.1990

நல்லம்மாக்கா அளவெட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

19.12.1990

குழந்தை இரவு பகல் என்றில்லாமல் கத்துகிறது. குணம் தூக்கமில்லாமல் கண் உள்ளே போய் இருக்கிறாள். மச்சாள் இருந்தால் ஒரு கை மாறலாம் என்று சொன்னாள், தம்பிராசா காதில் விழாமல். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைக்க ஆளில்லை, நானே அம்மியில் அரைத்துக் கொடுத்தேன். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. தம்பிராசா முரடன். கேட்டால் இந்த மழைக்குள் பெண்சாதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவான். பள்ளிக்கூட அகதி முகாமில் இடம் இல்லை. அப்படியென்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அதற்காகத்தான் மறைக்கிறேனா? இல்லை. குணத்தின் முகத்தைப் பார்க்கப் பயம்.

22.12.1990

சைக்கிளில் அளவெட்டிக்குப் போனேன்.

நல்லம்மாக்கா குசினி வாசலில் இருந்தார். பார்த்ததும் பெயர் வரவில்லை அவருக்கு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பஸ்காரத் தம்பி என்றார். தேத்தண்ணிப் பேணியைப் பிடித்த கை நடுங்கி, பாதி மடியில் ஊற்றுப்பட்டது. டொக்டர் சொல்லித்தான் இருந்தார், மறதியும் நடுக்கமும் போக நாள் எடுக்கலாம், அப்படியே நிற்கவும் கூடும் என்று.

கூரை மூடிக்குத் தார் பூசினதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, நானாக, பஸ் கறள் பிடிக்கிறது என்று. டொக்டர் கேட்டபோது மறைத்ததையும் சொன்னேன். சீலைத் தலைப்பால் மடியைத் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இதைத் தம்பிராசாவுக்குச் சொல்லாதையுங்கோ தம்பி. அவனுக்குக் கோவிக்க நான் ஒருத்தி போதும். உங்களையும் கோவிச்சால், பச்சைப்பிள்ளையோடை அதுகள் எங்கை போய் இருக்கிறது?"

என் பெயரை மறந்த மனிசி, அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் வேணும் என்பதை மறக்கவில்லை.

வரும் வழியெல்லாம் எதிர்க்காற்று. மல்லாகத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். பெரிய ஆம்பிளை நான், நடுறோட்டில் அழுதேன்.

24.12.1990, திங்கள்

முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிவு.

விடியவே பஸ் படியில் வைத்து இருவருக்கும் சொன்னேன். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அளவெட்டியில் நல்லம்மாக்கா சொன்னதையும் சொன்னேன். குணம் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். தம்பிராசா கையை ஓங்கினான். அடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கேற்றைத் தள்ளிப் போய்விட்டான். போகிறவன் திரும்பி வருவானா, வந்து மூட்டை கட்டச் சொல்வானா என்று தெரியாமல் பொழுது நகர்ந்தது.

ஐயர் வந்து காத்திருந்தார். நேரம் போகிறது என்றார். முடி வழிக்க வந்தவரும் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு இருந்தார். குணம், அவர் வரட்டும் என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டாள்.

பத்தரைக்குத் தம்பிராசா வந்தான். கரியரில் நல்லம்மாக்கா.

எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்கு முடி வழிக்கிறது. தலை தோய்ந்து வேட்டி கட்டி, பாயில் இருந்தேன். குணம் குழந்தையைக் கொண்டுவந்தாள். என்னைக் கடந்து போய் நல்லம்மாக்காவை இருத்தி, அவர் மடியில் வைத்தாள். நான் எழும்பி ஓரமாக நின்றேன். அது சரிதான்.

கத்தி தலைக்குக் கிட்ட வந்ததும் நல்லம்மாக்காவின் கை நடுங்கத் தொடங்கியது. பிள்ளையின் தலை நிலையாக நிற்கவில்லை. முடி வழிக்கிறவர் கத்தியை எடுத்துவிட்டார். தம்பிராசா முன்னுக்கு வந்தான். நல்லம்மாக்கா அவனைப் பார்க்கவில்லை.

"தம்பி," என்று என்னைப் பார்த்துச் சொன்னார், "வந்து தலையைப் பிடியுங்கோ."

தம்பிராசா விலகி வழி விட்டான். நான் முழங்காலில் இருந்து, அவர் மடியில் கிடந்த பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். வழித்து முடியும் மட்டும் பிடித்திருந்தேன்.