மெருகு காயும்வரை

ஃபிதென்சியோ,

பட்டறைக்குப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். அடுப்பில் சோளக் கொழுக்கட்டை இருக்கிறது, சாப்பிடு.

உன் கிதார் கட்டில்மேல் இருக்கிறது. ஊரே கிதார் செய்யும் பராச்சோவில் பிறந்தவன் கிதாரைக் கரும்புச் சாராயத்தால் துடைப்பானா? “மேடையில பளபளன்னு இருக்கட்டுமேன்னு தொடச்சேன்”னு சிரிப்பு வேறு! அரக்கு மெருகெல்லாம் கரைந்துபோயிருந்தது. அன்றைக்கு நான் கத்தியது அதற்காக மட்டும் இல்லை. நீ மொரேலியா நகரத்து ஓட்டலில் பாடிய மூன்று மாதத்தில் துணி உருண்டையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினேன். இன்னும் காயவில்லை. மடியில் வைத்தால் சட்டையின் நெசவு பதிந்துவிடும். ஞாயிறுவரை எடுக்காதே. ஓட்டல்காரன் காத்திருக்கட்டும்.

எரெந்திரா

இனிமேல் வாயால் ஊதி, மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பொய் சொன்னேன். மெருகு காய்ந்து இருபது நாளாகிறது. ஞாயிறுவரை இருந்துவிட்டுப் போயேன்.