நாலு நாள் கேள்வி

தாம்ப்சன், மானிடோபா
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

கிராண்டுக்கு,

முதலில் 'அன்புள்ள' என்றுதான் எழுதினேன். கை கூசியது, அடித்துவிட்டேன். இங்கே நலம். குளிர்தான் கொல்கிறது, எஞ்சினைச் சூடேற்றுவதற்குள் விரல் மரத்துப்போகிறது. உன் பனிமண்வெட்டி இன்னும் என் வாசலில்தான் கிடக்கிறது. கேட்காதே, தரமாட்டேன்.

உங்கள் பெரிய விமானக் கம்பெனி என் விண்ணப்பத்துக்குப் பதில் அனுப்பிவிட்டது. நான் வேண்டாமாம். சிமுலேட்டரில் ஒரு எஞ்சினை அணைத்தார்கள், பதறாமல் இறக்கினேன். எழுத்துத் தேர்விலும் குறையில்லை. எங்கே சறுக்கினேன் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உன் மனைவி லோர்னா ஆறுதல் சொல்லப் போன் பண்ணினாள். பாவம், அவளுக்குச் சூதுவாது தெரியாது. "வடக்குல ஒண்ணா ஓட்டினவங்கதானேன்னு கிராண்ட்கிட்டயும் கேட்டாங்களாம். நல்லாத்தான் சொன்னாராம். அந்த நாலு நாள் கேள்விக்கு மட்டும், 'நல்லா ஓட்டுவா, ஆனா எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவா, நாலு நாள் தாங்காது'ன்னு விளையாட்டா சொல்லிட்டாராம்" என்றாள்.

விளையாட்டாகவா! அந்தக் கேள்வியில்தான் ஆளை எடுப்பதும் தள்ளுவதும் என்று உனக்குத் தெரியாதா? ஒரே காக்பிட்டில், ஒரே ஓட்டல் வண்டியில், இந்த ஆளோடு நாலு நாள் போவீர்களா என்று கேட்பார்கள். பதில் சொல்ல முகம் சுளித்தால் போதும், வேலை போயிற்று. நாலு நாள் தாங்காதாம். நாலு வருஷம் தாங்கியதே, கிராண்ட்?

நான் எதிர்த்துப் பேசியது எப்போது? ஐலண்ட் லேக்கில் நாம் இறங்கப் போன அன்று பனி வீசிக்கொண்டிருந்தது. ஓடுபாதை விளக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஓடுபாதை தெரியாமல் அதற்குக் கீழே இறங்கக்கூடாத உயரம் வந்தும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நீ இறக்கிக்கொண்டே போனாய். "மேலே போ" என்றேன். நம் தொழிலில் அந்த இரண்டு சொல்லுக்குப் பெரியவன் சின்னவன் கிடையாது. யார் சொன்னாலும் விமானத்தைத் தூக்கவேண்டும், சண்டையெல்லாம் தரைக்கு வந்தபிறகு. நீ தூக்கவில்லை. இரண்டாம் தடவை கத்தினேன். தூக்கினாய். விமானத்தின் விளக்கொளியில் மரங்களின் உச்சி நம் சக்கரத்துக்குக் கீழே ஓடியதை இரண்டு பேரும் பார்த்தோம்.

திரும்பி வந்து எனக்குப் பான்கேக் வாங்கிக் கொடுத்தாய். லோர்னாவுக்கு அப்போது ஏழு மாதம், பெட்ரா வயிற்றில். "தாயே, என் புள்ள முகத்த நான் பாக்கப் போறது உன்னாலதான்" என்று எல்லார் முன்னாலும் கும்பிட்டாயே. அந்த வாய்தானா இது?

வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? மேலே இருப்பவரை எதிர்த்துப் பேசிய சம்பவம் ஒன்று சொல்லுங்கள் என்று நேர்முகத்தில் அவர்களே கேட்டார்கள். இதைத்தான் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. 'ஒரு கேப்டன்' என்று மட்டும் சொன்னேன். உனக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக்கூடாதே என்று! மூன்று பேரும் தலையாட்டி, இப்படிப்பட்ட ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். பிறகு உன்னிடம் கேட்டார்கள். வாய் திறக்கிற ஆள் வேண்டுமாம், ஆனால் கூட இருக்கச் சுகமாகவும் இருக்கவேண்டுமாம். நல்ல நியாயம்!

உனக்கு என்னோடு நாலு நாள் இருக்கமுடியாது என்பதில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மரங்கள் ஞாபகம் வருகின்றன, அதுதான் உன்னால் தாங்கமுடியவில்லை. அதை அவர்களிடம் சொல்லியிருக்கலாமே. ஆம்பளைதானே நீ?

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிப்பேன். அப்போதும் உன்னைக் கேட்பார்கள். உண்மையைச் சொல், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்.

அடுத்த மாதம் நீ அங்கேயும் கேப்டன் ஆகிறாய் என்று லோர்னா சொன்னாள். வாழ்த்த வாய் வரவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் தட்டாதே. உன் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும், நாலு நாள் தாங்காத ஜென்மமாகவே இருந்தாலும், "மேலே போ" என்று சொன்னால் முதல் தடவையிலேயே போய்விடு, கிராண்ட். இரண்டாம் தடவை கத்த நான் அங்கே இருக்கமாட்டேன். பெட்ராவுக்கு அப்பா வேண்டும்.

கோபம் ஆறாத,
டார்லீன் ஓக்கிமா